நேயரைப் பேசவைத்த இதழ்

மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு வானொலி நெடுநாள் உறவு. இன்று மின்னல் எப்.எம். என்று வழங்கும் அரசுத் தமிழ் வானொலிக்கு அவர்கள் நேயர்கள். விரும்பிய பாட்டைக் கேட்கலாம். தம் சொந்தக் கருவியால் காற்றலையில் பதில் பேச முடியாது. பதில் பேச இடம் தருவது, தேர்வெழுதி உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தம் கருவியால் ஒருவரோடொருவர் பேசும் ஹாம் ரேடியோ. அதை வளர்த்தவற்றுள் இதழ்களும் உண்டு.

1914இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹிராம் பெர்சி மாக்சிம் ஹாம் சங்கம் ஒன்றை நிறுவினார். ஓர் ஊர்ச் செய்தியை அடுத்த ஊர் வாங்கி, அதற்கடுத்த ஊருக்குக் கடத்தும் தொடர் அது. தொடர் அறுந்துபோகாமல் இருக்க, ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே 1915 டிசம்பரில் 'கியூ.எஸ்.டி.' இதழ் பிறந்தது. ஹாம்கள் வழக்கில் அந்தக் குறியீட்டுக்கு 'எல்லோருக்குமான அழைப்பு' என்று பொருள். முதல் உலகப்போரின்போது இதழ் நின்று, 1919இல் மீண்டு, இன்றும் வருகிறது.

வாசகரே ஆசிரியராவது இவ்விதழின் பெரும்பலம். ஒருவர் மின்சுற்றை வரைந்து அனுப்புவார். மற்றொருவர் அதைக் கட்டிப்பார்த்துத் திருத்தம் எழுதுவார். படித்ததைக் கையால் செய்துபார்க்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. அந்தப் பழக்கத்தின் அருமை ஆபத்தில் தெரியும். 2004 ஆழிப்பேரலையில் அந்தமான் தொடர்பற்றுக் கிடந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழுதான் செய்தி கடத்தியது.

குறைகளும் உண்டு. ஆயத்தக் கருவிகள் சந்தைக்கு வந்தபின் விளம்பரமும் கருவி மதிப்புரையும் இதழில் இடம்பிடித்தன. செய்பவர் வாங்குபவரானார், கையில் காசில்லாத இளைஞருக்கு வாசல் குறுகியது. அதைவிடப் பெரிய குறை மொழி. எல்லோரையும் அழைக்கும் இதழ், ஆங்கிலம் அறிந்தவரைத்தான் எட்டியது. மலாயாவில் 1952இலேயே ஹாம் சங்கம் உருவாகிவிட்டது. ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் கையில் தமிழில் ஒரு மின்சுற்று விளக்கம் கிடைப்பது அரிது. தங்க. ஜெய்சக்திவேல் நடத்திய 'சர்வதேச வானொலி' இதழ் தமிழில் அரிய முயற்சி. எனினும் அது சிற்றலை நேயர்களுக்கானது. உரிமம் பெற்றுப் பேச விரும்புபவருக்கு வேறொன்று வேண்டும்.

நூறாண்டு கடந்த அந்த இதழிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கருவிப் பட்டியலை அல்ல, செய்துபார்த்து எழுதும் முறையை. மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களே, மாதம் ஒரு தாள் போதும்: ஒரு மின்சுற்று, அதைக் கட்டிய மாணவரின் அனுபவம், உரிமத் தேர்வுக்கான ஒரு பாடம். தமிழில் தொடங்குங்கள். கேட்டே பழகிய நம் பிள்ளைகள் இனிப் பேசட்டும்.