கார்டினல் டெட்ராவின் செவுளைப் பாருங்கள்

கார்டினல் டெட்ராவைப் பார்ப்பவர்கள் நிறத்தோடு நின்றுவிடுகிறார்கள். முதுகோரம் மின்னும் நீலக் கோடு, அதன் கீழே தலையிலிருந்து வால் வரை ஓடும் சிவப்பு. (சிவப்பு பாதி உடலில்தான் தொடங்குகிறது என்றால் அது நியான் டெட்ரா.) ஆசை தீர நிறத்தைப் பாருங்கள். பிறகு கண்ணுக்குப் பின்னால் திறந்து மூடும் செவுள் மூடிக்கு வாருங்கள். இந்த மீனின் உண்மையான அழகு அங்கேதான் இருக்கிறது என்பேன்.

இதன் சொந்த ஊர் பிரேசிலின் ரியோ நெக்ரோ. பால் விடாத தேநீரின் நிறத்தில் ஓடும் ஆறு. வெண்மணல் நிலத்துக் காட்டில் உதிர்ந்த இலைகள் மட்கி, அந்தச் சாறு இறங்கிய நீர். பி.எச். 4, 5 என்றுதான் இருக்கும். 7 உள்ள நீரைவிட 4 உள்ள நீரில் அமிலத்தன்மை 1,000 மடங்கு அதிகம். உப்போ கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மீனின் ரத்தத்தில் உள்ள சோடியம் வெளிநீரில் இருப்பதைப்போல் பல ஆயிரம் மடங்கு. அப்படியிருந்தும் இந்த ஆற்றுப் படுகையில் 1,000-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் வாழ்கின்றன.

சிக்கல் செவுளில் தொடங்குகிறது. மூச்சு விட மெல்லிய சவ்வு வேண்டும். ஆக்சிஜன் உள்ளே வரும் அதே சவ்வு வழியாக உப்பு வெளியே கசியும். செவுளின் செல்களை நெருக்கமாகப் பிணைத்து வைப்பதில் கால்சியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அமிலம் அந்தக் கால்சியத்தைப் பெயர்த்தெடுத்தால் இடுக்குகள் திறந்து உப்பு வெளியேறிவிடும். உப்பை உள்ளே இழுக்கும் வேலையும் அமிலத்தில் முடங்கும். டிரவுட் போன்ற மீன்கள் இப்படித்தான் சாகின்றன. டெட்ராவின் செவுள் இடுக்குகள் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. பி.எச். 4-க்குக் கீழே போனாலும் அது சோடியத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதே ஆற்றில் வாழும் ஏஞ்சல் மீனின் வழி வேறு. கடும் அமிலத்தில் அது உப்பை இழுப்பது பெரிதும் குறைந்துபோகும். கசிவையும் மிகக் குறைவாக வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும். நீரைக் கறுப்பாக்கும் இலைச்சாறும் செவுளின் உப்பிழப்பைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆற்றின் கறுப்பு மீனுக்குக் காவலாகவும் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் தீராத வியப்பு.

இனி தொட்டிக்கு வாருங்கள். கூட்டம் அமைதியாக இருக்கும்போது ஒரே மீனைத் தேர்ந்தெடுத்து, செவுள் மூடியின் அசைவை மட்டும் கவனியுங்கள். இரை போட்டதும் அது பாய்ந்தோடித் திரும்பும்போது மறுபடி பாருங்கள், அசைவு வேகமாகியிருக்கும். ஆக்சிஜனுக்காகச் செவுளை விரித்துக் கொடுத்ததில் கொஞ்சம் உப்பும் போயிருக்கும். கண்ணாடியைத் தட்டி மீனை விரட்டக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

காய்ந்து சிவந்த நாட்டு வாதுமை இலை ஒன்றிரண்டைத் தொட்டியில் போட்டால் நீர் பழுப்பாகும், நீலக் கோடு எடுப்பாகத் தெரியும். அமிலத்தை ஊற்றி பி.எச்.-ஐ இறக்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம். ஏஞ்சல் மீனையும் டெட்ராவையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் அடுத்தடுத்த தொட்டிகளில் வையுங்கள். ஒரே தொட்டியில் விட்டால், வளர்ந்த ஏஞ்சல் மீன் டெட்ராவை விழுங்கிவிடக்கூடும்.