பொதுக்கல்வி: பட்டியலின் அரசியலும் கட்டத்தின் அரசியலும்

'பொது' என்ற சொல்லைச் சந்தேகிக்க நாம் எப்போதோ கற்றுக்கொண்டோம். பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுச்சாவடி என்பவற்றில் இருந்த 'பொது' யாரை வெளியே நிறுத்தியது என்பது இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பொதுக்கல்வி மட்டும் எப்படி விலக்காகும்? ஆகவே கல்லூரிப் பொதுப்பாடம் பற்றிய நம் விமர்சனம் பெரும்பாலும் பட்டியல் பற்றியதாகவே இருந்துவந்திருக்கிறது. யார் உள்ளே, யார் வெளியே? தமிழாசிரியனாக, பாடத்திட்டக் குழு உறுப்பினனாக, நானும் அந்தச் சண்டையைத்தான் போட்டுவந்தேன். அது பாதிச் சண்டைதான் என்று இப்போது படுகிறது. மீதிப் பாதி கேள்வித்தாளிலும், கேள்விக்குப் பக்கத்தில் அச்சாகும் கே1, கே2 என்ற குறிகளிலும், பருவம் முடிந்து நாம் நிரப்பித்தரும் கட்டங்களிலும் நடக்கிறது. அங்கே நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம். தோற்பது தெரியாமலே.

எல்லாத் துறை மாணவர்க்கும் ஒரே பாடம் என்ற எண்ணம் அமெரிக்காவில் போரோடு ஒட்டிப் பிறந்தது. கொலம்பியாவில் 1919இல் தொடங்கிய 'சமகால நாகரிகம்' என்ற பாடம், முதல் உலகப்போரில் மாணவப் படையினருக்கு நடத்தப்பட்ட 'போர்ச் சிக்கல்கள்' பாடத்தின் வாரிசு. எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று சிப்பாய்க்குச் சொல்லவேண்டியிருந்தது. சமாதானம் வந்ததும் அதையே குடிமகனுக்குச் சொன்னார்கள். ஹார்வர்டின் பொதுக்கல்வி அறிக்கை 1945இல், அடுத்த போர் முடிந்த ஆண்டில் வெளிவந்தது. 'நாம்' என்ற தன்னிலையைக் கட்டமைக்கும் அவசரம் இரண்டிலும் உண்டு. அந்த 'நாம்' யார் என்று கறுப்பின மாணவர்களும் மற்றவர்களும் கேட்டு, ஸ்டான்ஃபோர்டில் 1988 மார்ச்சில் 'மேலைப் பண்பாடு' என்ற கட்டாயப் பாடத்தை மாற்றவைத்தார்கள். பேராசிரியர் அவையில் 39க்கு 4 என்று வாக்கு விழுந்தது. பட்டியல் திறந்தது. பெரிய வெற்றிதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் இன்னொரு காரியமும் சத்தமில்லாமல் நடந்தது. பாடம் மாணவரிடம் என்ன விளைவித்தது என்பதை அளந்து காட்டு என்று மாநில அரசுகளும் தரச்சான்று அமைப்புகளும் கேட்கத் தொடங்கின. பட்டியலுக்குப் போராடியவர்கள் அளவுகோலை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

நம்மூர்க் கதைக்கு வருகிறேன். 1948-49இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுதான் பொதுக்கல்வியை இங்கே முறையாக முன்வைத்தது. அதில் ஜான் டைகர்ட், ஆர்தர் மார்கன் என்று இரண்டு அமெரிக்கர்கள் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் இருந்தார். சமயக் கல்வி பற்றிய இயலில் அந்தக் குழு ஒரு பட்டியல் தருகிறது: முதலாண்டு மாணவர்கள் வாழ்க்கை வரலாறு படிக்கவேண்டிய பெரியோர்கள். புத்தர், கன்ஃபூசியஸ், ஜொராஸ்டர், சாக்ரடீஸ், இயேசு, சங்கரர், ராமானுஜர், மத்வர், முகமது நபி, கபீர், நானக், காந்தி. தென்னிந்தியாவிலிருந்து மூன்று பேர். மூவரும் வேதாந்த ஆச்சாரியர்கள். வள்ளலார் இல்லை, நாராயண குரு இல்லை. பெண் ஒருவர்கூட இல்லை. அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில் தயாரான 'பொது' இது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பகுதி நான்கின் கீழ் நடக்கும் 'விழுமியக் கல்வி'ப் புத்தகங்கள் பலவற்றைப் புரட்டும்போது இந்தப் பட்டியலின் வாடை எனக்கு அடிக்கிறது.

பகுதி என்றதும் இன்னொன்று. நமது இளங்கலையில் பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடம், நான்கில் சுற்றுச்சூழலும் விழுமியமும் இன்ன பிறவும், ஐந்தில் நாட்டுநலப்பணி. ஒன்றும் இரண்டும் நான்கும்தான் நம்முடைய பொதுக்கல்வி, அந்தப் பெயரை நாம் வைக்காவிட்டாலும். வேலைக்கு எடுக்க வருகிறவர் கேட்பது 'மேஜர்ல எவ்வளவு?' என்பதைத்தான். பொதுவுக்கு உள்ள மரியாதை இது. பி.காம். மாணவனுக்குத் தமிழ் வகுப்பு கண்ணயர்கிற நேரம்; அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இனி கட்டத்துக்கு வருவோம். கே1 முதல் கே6 வரை என்று நாம் போடும் ஏணி பெஞ்சமின் புளூமுடையது. 1956இல் வெளிவந்து 2001இல் திருத்தப்பட்டது. புளூம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தேர்வாளராக இருந்தவர். அங்கே 1931 முதலே பொதுக்கல்விக்கு ஒரு புது ஏற்பாடு: வகுப்புக்கு வருகை கட்டாயமில்லை, கடைசியில் ஒரு முழுமைத் தேர்வு, அதை நடத்த ஆசிரியரிடமிருந்து பிரிந்த தேர்வு வாரியம். புளூமும் நண்பர்களும் ஏணியைக் கட்டியது, வெவ்வேறு பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் தமக்குள் கேள்விகளைப் பரிமாறிக்கொள்ள வசதியாக. 1957இல் ஃபோர்டு அறக்கட்டளை ஏற்பாட்டில் புளூம் இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகள் நடத்தினார். ஆக, பொதுக்கல்வியும் அதன் தேர்வாளரும் நமக்கு ஏறக்குறைய ஒரே கப்பலில் வந்திறங்கியவர்கள். இந்தியா 2014இல் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினராகச் சேர்ந்தபோது பொறியியல் படிப்புக்கு அளவெடுத்துத் தைத்த 'விளைவு அடிப்படைக் கல்வி' என்ற சட்டை, நாக் மதிப்பீட்டின் வழியாகக் கலைக் கல்லூரிக்கும் வந்தது. அதை இப்போது தமிழ்ப்பாடத்துக்கு மாட்டிவிட்டிருக்கிறோம். ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து விளைவுகள். ஒவ்வொன்றும் பட்டத்தின் பொது விளைவுகளோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று 3, 2, 1 போடவேண்டும். புதுக்கவிதைக்கும் 'தொழில்முனைவு'க்கும் 2 போட்டவன் நான். ஏன் 2? 3 போட்டால் சந்தேகம் வரும், 1 போட்டால் கேள்வி வரும். தொண்ணூறுகளில் ஃபூக்கோவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்த தலைமுறை நாம். தேர்வு என்பது பார்வையும் தீர்ப்பும் சேர்ந்த அதிகாரத் தொழில்நுட்பம் என்று எழுதினோம், பேசினோம். மறுநாள் போய் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்தும் போட்டோம்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. நான் வேலைபார்த்த கல்லூரியில் அதன் ஒரு பகுதியை முதலாண்டுப் பொதுத்தமிழில் சேர்க்கப் பாடத்திட்டக் குழுவில் இரண்டு கூட்டம் மல்லுக்கு நின்றோம். பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் சரடைப் பிடித்துத் தூக்கிப்போகும் இடம் அது. சேர்த்தார்கள். கொண்டாடினோம். அந்தப் பாடத்துக்கு நாங்கள் எழுதிய கற்றல் விளைவு: 'சமூகநீதி உணர்வு பெறுதல்.'

தேர்வு முடிந்து ஒரு மாணவி விடைத்தாள் நகலோடு வந்து நின்றாள். பத்து மதிப்பெண் கேள்வியில் மூன்று. 'கருக்கு வழி அறியலாகும் சமூகநிலையை விளக்குக' என்பது கேள்வி. வடைப் பொட்டலத்தை முதல் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, மீதி இரண்டு பக்கமும் தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். டீக்கடையில் தனக்கென்று வைத்திருந்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரும் பாட்டி. ஒருநாள் அதைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்ததும், அதனால் தெருவில் என்ன நடந்தது என்பதும் எழுத்துப்பிழைகளோடு இருந்தன. நான் வாசித்த நல்ல தமிழ்ப் பக்கங்களில் அது ஒன்று. ஓரத்தில் சிவப்பு மையில் 'பாடத்தை ஒட்டி எழுதவும்.'

"ஐயா, பாட்டி கதைய எழுதினது தப்பா?"

"தப்பில்லம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? திருத்தியவர் கெட்டவரல்ல. விடைக்குறிப்பில் உள்ளபடி போட்டிருந்தார்: ஆசிரியர் குறிப்புக்கு 2, நிகழ்ச்சிக்கு 4, சமூகநிலைக்கு 3, முடிவுரைக்கு 1. விடைக்குறிப்பை எழுதியவன் நான்.

பருவ முடிவில் கணக்குப் போட்டோம். இலக்கு 60 விழுக்காடு, வகுப்பு தாண்டிவிட்டது. 'சமூகநீதி உணர்வு பெறுதல்': அடைவு நிலை 3. பாமா எந்த ஆண்டு பிறந்தார் என்று எழுதியவர்கள் அந்த உணர்வைப் பெற்றுவிட்டார்கள். அவள் பெறவில்லை.

இதை ஒரு தலித் நண்பரிடம், அவரும் கல்லூரி ஆசிரியர்தான், ஆவேசமாகச் சொன்னேன். விடைக்குறிப்பையே ஒழிக்கவேண்டும், ஆசிரியரின் வாசிப்புக்கு விட்டுவிடவேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "குறிப்பும் டம்மி நம்பரும் இல்லாம என்னை அவங்க கையில விட்டிருந்தா நான் பி.ஏ.வே தாண்டியிருக்க மாட்டேன், தோழர். இன்டர்னல்ல எனக்கு என்ன போட்டாங்க தெரியுமா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே 1978இல் தன்னாட்சிக் கல்லூரிகள் வந்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததில், மதிப்பிடும் அதிகாரம் முழுவதும் கல்லூரிக்குள் போவது பற்றிய பயமும் சேர்ந்தேதான் இருந்தது. 1857இல் வெறும் தேர்வு நடத்தும் அமைப்பாகத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தை, ஆசிரியரையும் மாணவரையும் அறியாத இயந்திரம் என்று திட்டுவது எளிது. அந்த அறியாமைதான் சிலரைக் காப்பாற்றியிருக்கிறது. கட்டம் சாதியைத் தெரிந்துகொள்ளாது. சாதியைத் தெரிந்தவள் எழுதுவதையும் தெரிந்துகொள்ளாது. இரண்டும் ஒரே குருட்டுத்தனம், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் விலக்கும் வழி எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

டெல்லிப் பல்கலைக்கழகம் 2021இல் பாமாவையும் சுகிர்தராணியையும் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திலிருந்து நீக்கியபோது நாடெங்கும் குரல் எழுந்தது, நியாயம். நீக்கியது ஒரு செயல், செய்தவர்கள் யார் என்று கேட்கலாம், அறிக்கை விடலாம். என் மாணவியின் இரண்டு பக்கத்தை யார் நீக்கினார்கள்? பிரதி பாடத்தில் இருக்கிறது, கேள்வி வந்திருக்கிறது, அடைவும் காட்டப்பட்டிருக்கிறது. கையெழுத்து இயக்கம் நடத்த இங்கே எதிரி யாரும் இல்லை.

அடுத்த பாடத்திட்டக் குழுவில் ஒரு யோசனை வைத்தேன். ஒரு தாளில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் குறிப்பு வேண்டாம். பெயர் மறைத்து, வேறுவேறு துறையைச் சேர்ந்த இருவர் தனித்தனியாக வாசித்து மதிப்பெண் போடட்டும். வித்தியாசம் அதிகமிருந்தால் மூன்றாமவர். ஒருவரும் எதிர்க்கவில்லை. "நல்ல யோசனைதான் சார், இது கே எத்தனை?" என்றார்கள். கே5 என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் எந்த விளைவின் கீழ்? இலக்கு என்ன? குறிப்பில்லாத கேள்விக்கு அடைவை எப்படிக் கணக்கிடுவது? படிவத்தில் இதற்கு இடமில்லையே. கூட்டக் குறிப்பேட்டில் என் யோசனை 'பின்னர் பரிசீலிக்கலாம்' என்று பதிவாகியிருக்கிறது.

இந்தப் பருவத்துக்கும் விடைக்குறிப்பு எழுத என்னைத்தான் கேட்டார்கள். ஆசிரியர் குறிப்புக்கான 2 மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, 'தன் அனுபவம் சார்ந்து எழுதியிருப்பினும் ஏற்க' என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். திருத்துகிறவர் ஒரு நாளில் எத்தனை தாள் பார்க்கவேண்டியிருக்கும் என்பதும், குறிப்பின் கடைசி வரிவரை யாரும் வாசிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.