தினப்பாடமும் ஷிப்டு வாழ்க்கையும்

குழந்தைகளுக்குக் கல்வியைச் சிறு சிறு கவளமாக, நாள் தவறாமல் ஊட்டவேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னையில் நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1789ஆம் ஆண்டில் தாம் பொறுப்பேற்ற எழும்பூர் ராணுவ அனாதைப் பள்ளியில் அதனைக் கையாண்டு, மூத்த மாணவனே இளைய மாணவனுக்கு அன்றன்றைய பாடத்தைச் சொல்லிவைக்கும் ஏற்பாட்டையும் அதனோடு இணைத்து, 1797இல் லண்டனில் ஒரு நூலாகவும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயர் அப்போது கடல் கடந்து போயிற்று. போன பொருள் திரும்பிவந்தபோது, பெருமை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.

அந்தப் பழங்கொள்கையின் இன்றைய அவதாரம், 2022ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கி வைக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டமாகும். 2020 மார்ச்சு மாதம் பெருந்தொற்றினால் மூடப்பட்ட பள்ளிகள் சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. அவ்வளவு காலம் பள்ளி வாசலையே காணாத குழந்தைகள் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்து, 'அ'கரத்தையும் அறியாதிருந்த நிலையைக் கண்டு, 2025ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதுக் குழந்தைகள் அனைவரும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வல்லவராதல் வேண்டும் என்ற லட்சியத்தோடு அது வகுக்கப்பெற்றது. முதல் மூன்று வகுப்புகளுக்கென்று தொடங்கி, பிறகு நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டப்பட்டது. தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய மூன்றுக்கும் ஆசிரியர் கையேடும் மாணவர் பயிற்சி நூலும் உண்டு. சூழ்நிலையியல் மொழிப் பாடங்களுக்குள் கலக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகள் வயதைக் கொண்டல்லாமல் கற்ற அளவைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டு, பாட்டும் கதையும் பொம்மலாட்டமுமாக அன்றாடப் பாடத்தைப் பெறுகின்றனர்.

இத்திட்டத்தின் குணதோஷங்களை மாநிலம் முழுவதற்கும் பொதுவாகப் பேசுவதைக் காட்டிலும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் நீளும் ஆலைப் பிரதேசத்தில் வைத்துப் பார்ப்பது பயனுடையது என்பது என் அபிப்பிராயம். நிலையான ஊர், நிலையான வீடு, நிலையான நேரம் என்னும் மூன்றையும் மௌனமாக நம்பி எழுதப்படும் எந்தப் பாடத்திட்டமும், அம்மூன்றும் இல்லாத இடத்திலேதான் தன் உண்மையான பலத்தைக் காட்டவேண்டும்.

ராமாநுஜர் பிறந்த ஊர் என்று வைணவ உலகம் போற்றிய ஸ்ரீபெரும்புதூர், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய பின்னர் வேறொரு பிரசித்தியைப் பெற்றது. 2006இல் நோக்கியா வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் வந்தது. டயரும் கண்ணாடியும் லாரியும் மோட்டார் சைக்கிளும் தொடர்ந்தன. நோக்கியா ஆலையில் 2014 நவம்பரில் உற்பத்தி நின்றபோது, ஓர் ஆலையை நம்பி வாடகைக்குக் குடியேறிய குடும்பங்களின் வாழ்வு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதும் வெளியாயிற்று. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய விடுதி 2024இல் திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் மனைவி மக்களோடு வரும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்குக் கிடைப்பது, கிராமத்தின் ஓரத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஓர் அறைதான். தந்தை இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்து அதே அறையில் உறங்குவான். தாய் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறியிருப்பாள். இளையவனை எழுப்பிப் பல் துலக்கிவிட்டுப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு நான்காம் வகுப்புப் படிக்கும் அக்காளைச் சேரும். அடுத்த வாரம் ஷிப்டு மாறும். அதனோடு வீட்டின் நேரங்கள் எல்லாம் மாறும். சாத் பூஜைக்கு ரயிலேறிய பீகார்க் குடும்பம் எந்நாள் திரும்பும் என்பதை அக்குடும்பமே அறியாது. கான்ட்ராக்ட் முடிந்தால் குடும்பம் அடுத்த வேலையைத் தேடி வேறு மாவட்டத்துக்கு நகர்ந்துவிடும்.

இத்தகைய குழந்தைக்கு நிலைவாரிப் பிரிவு செய்யும் உபகாரம் சிறிதன்று. ஆண்டின் நடுவில் வந்து சேர்பவனை, 'மூன்றாம் வகுப்பு வயது' என்ற ஒரே காரணத்தால் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முன்னால் உட்காரவைத்து ஊமையாக்கிய பழைய வழக்கத்திற்கு மாறாக, அவன் அறிந்ததிலிருந்து தொடங்க ஆசிரியருக்கு இப்போது அதிகாரபூர்வமான அனுமதி இருக்கிறது. பிந்தியிருப்பது குற்றமாகாமல், வெறும் இருப்பிடமாக மாறுவது ஒரு குழந்தையின் மனத்தில் எவ்வளவு பாரத்தைக் குறைக்கும் என்பதை வகுப்பறையில் நின்றவர்களே அறிவர். பாட்டும் அபிநயமும் மற்றொரு நன்மையைச் செய்கின்றன: தமிழே அறியாத ஒடியாச் சிறுமியும் கைதட்டிக் கூடப் பாடுகையில், பொருள் விளங்குமுன்பே மொழியின் ஓசை அவள் நாவில் படிந்துவிடுகிறது. கல்வித் துறை அதிகாரிகள் எழுதிய ஏற்பாடுகளில் இவ்வளவு சந்தோஷம் இடம்பெறுவது அபூர்வம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறை எங்கே பிறக்கிறதென்றால், கையேட்டின் நாள்கணக்கில் பிறக்கிறது. இன்ன வாரம் இன்ன பாடம், இன்ன நாள் இன்ன செயல்பாடு என்று ஆசிரியரின் கை பிடித்து நடத்தும் நூல், பயிற்சி குறைந்தவருக்குத் துணையாகவும் தேர்ந்தவருக்கு விலங்காகவும் அமைந்துவிடுகிறது, அது பெரிதன்று. இடையிலே பத்து நாள் வராத குழந்தையை அந்நூல் அறியாது என்பதே பெரிது. வகுப்பு முழுவதும் ஒரே பாட்டில் நகர்கிறது. வராதவன் திரும்பிவரும்போது பாட்டு வேறு, கதை வேறு, பயிற்சி நூலில் நடுவே வெற்றுப் பக்கங்கள். நிலையால் பிரித்தவர்கள் நாளால் கட்டிவிட்டார்கள்.

இதற்கு முன் நம்மிடம் இருந்த 'செயல்வழிக் கற்றல்' இந்த ஒரு விஷயத்தில் மேலானது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்கென்று உருவான முறையைத் தழுவி, எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சியின் ஆணையராயிருந்தபோது 2003இல் அதன் பள்ளிகளில் தொடங்கிய அம்முறை, சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவிற்று. பாடங்கள் அட்டைகளாக உடைக்கப்பட்டு ஓர் ஏணிப்படியில் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. குழந்தை தானே தன் அட்டையை எடுத்து, முடித்து, அடுத்த படிக்கு ஏறும். பத்து நாள் வராதவன், பதினோராம் நாள் தான் விட்ட அட்டையிலேயே தொடங்குவான். அவனுக்காக வகுப்பும் காத்திராது, வகுப்புக்காக அவனும் ஓடவேண்டுவதில்லை. ஆயினும் அதன் தோஷமும் அதிலேயே இருந்தது. பல வகுப்புப் பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து தத்தம் அட்டையில் மூழ்கியிருக்க, ஆசிரியரின் குரல் வகுப்பிலிருந்து மெல்ல மறைந்தது. கதை கேட்டலும் கூடிப் பேசுதலும் குறைந்து, எழுத்தைக் கூட்டத் தெரிந்தும் வாக்கியத்தின் சுவை தெரியாத பிள்ளைகள் உண்டானார்கள். வீட்டில் தமிழ் பேசுவோருக்கு அந்நஷ்டம் ஓரளவு பொறுக்கத்தக்கது. பீகாரிலிருந்து வந்த குழந்தைக்குத் தமிழ் கிடைக்கும் ஒரே ஊற்று ஆசிரியரின் வாய்தான்.

ஆகவே ஒரகடத்துக் குழந்தைக்கு வேண்டியது, புதிய முறையின் குரலும் பழைய முறையின் ஞாபகமும் ஆகும். முன்னதைக் கொண்டுவந்தவர்கள் பின்னதை வீசியெறிந்தது, நம் கல்வித் துறையில் ஒவ்வொரு திட்டமும் முந்தியதன் சாம்பலில் எழவேண்டும் என்னும் வினோதமான சம்பிரதாயத்தின் விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

பல பாடங்களையும் எளிய தினப்பாடமாக்குவதில் நேர்ந்த மற்றொரு நஷ்டம் சூழ்நிலையியலைப் பற்றியது. மொழிப் பாடத்துக்குள் அதனைக் கலப்பதற்குக் காரணம் உண்டு: ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் நேரம் ஏது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே அறுபது குழந்தைகள் வரையில் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஆனால் கலந்த பொருளில் மொழி மேலே மிதந்து, பார்த்தறிதல் அடியில் தங்கிவிடுகிறது. 'ஏரி' என்ற சொல்லை எழுதப் படித்த குழந்தை, பள்ளிக்கு அடுத்திருக்கும் ஏரியில் இவ்வாண்டு நீர் எதுவரை நிற்கிறது என்று போய்ப் பார்ப்பதில்லை. கன்டெய்னர் லாரிகளின் பதிவெண்கள், பஸ் பலகைகள், கம்பெனிப் பெயர்கள் என்று எண்ணும் எழுத்தும் வீதியிலேயே இறைந்து கிடக்கும் ஊர் இது. அவற்றில் எதுவும், மாநிலமெங்கும் ஒன்றாக அச்சிட்ட பயிற்சி நூலுக்குள் வர வழியில்லை.

மதிப்பீட்டைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். கைப்பேசிச் செயலியில் ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவேற்றம் செய்வதிலேயே பாடவேளை கரைகிறது என்று ஆசிரியர் இயக்கங்கள் 2023இல் கிளர்ச்சி செய்தன. அதில் நியாயம் இருந்தது. எனினும் பதிவே வேண்டாம் என்ற முடிவுக்கு இந்தப் பிரதேசத்தில் நின்று என்னால் வர இயலவில்லை. எமிஸ் என்னும் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு தனி எண் இருக்கிறது. பள்ளி மாறினாலும் அவ்வெண் மாறுவதில்லை. அதனோடு அவன் கடைசியாகக் கற்ற பாடம் இன்னது என்ற ஒரே ஒரு வரி கூடச் செல்லுமானால், அடுத்த ஊர் ஆசிரியர் மறுபடியும் சோதனை வைத்து அவனை வெட்கப்படுத்த நேராது. மேலதிகாரி பார்ப்பதற்காக நிரப்பும் பதிவு ஆயிரம் வரிகளானாலும், அடுத்த ஆசிரியர் பார்ப்பதற்கான அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

நேரத்தைப் பற்றிய சிக்கலுக்கு ஒரு பரிகாரம் ஏற்கெனவே கையில் இருந்தது. 2021 அக்டோபர் 27ஆம் நாள் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலரைக் கொண்டு, மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் குடியிருப்பிலேயே வகுப்பு நடத்திற்று. பயிற்சி பெற்ற ஆசிரியரின் வேலையை மலிவான கைகளுக்கு மாற்றுவது என்று அதனைக் கண்டித்தவர்களின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனாலும் லைன் வீட்டு வாசலில், குழந்தையின் தாய் எந்த ஷிப்டு என்பதை அறிந்த பெண் ஒருத்தி நடத்தும் வகுப்புக்கு, பகலில் தவறிய பாடத்தை அன்று மாலையே ஈடுசெய்யும் வசதி உண்டு. பெருந்தொற்றின் பரிகாரமாக மட்டும் அதனைக் கருதியது பிழை. ஷிப்டு முறை உள்ளவரையில் இந்த ஊர்களில் அதன் தேவை நீடிக்கும்.

இனி 2025 என்ற இலக்கு. மூன்றாம் வகுப்பின் முடிவில் பள்ளியில் இருக்கும் குழந்தைகளைச் சோதித்தே இத்தகைய இலக்குகள் அளக்கப்படுகின்றன. பிப்ரவரியில் தந்தையின் கான்ட்ராக்ட் முடிந்து ஒரகடத்தை விட்டு ஓசூருக்குப் போன சிறுவன், ஏப்ரலில் இங்கே வருகைப் பதிவில் இல்லை. அங்கேயோ, போன வாரம் வந்தவன். இரண்டு பள்ளிகளின் கணக்கிலும் அவனுடைய தோல்வி யாருடைய தோல்வியாகவும் எழுதப்படுவதில்லை.