'போதும்' என்ற பிறகு: 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' வாசிப்புக் குறிப்புகள்

2022 ஆனி மாசம் பட்டறையை மூடினேன். கணபதி பக்கம் மூணு லேத், ஒரு மில்லிங், ஒரு ட்ரில்லிங் மெஷின் வைத்து பத்தொன்பது வருஷம் பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவன் நான். மெஷின்களை விற்றாயிற்று, ஷெட்டை வாடகைக்கு விட்டாயிற்று. வாடகையும் டெபாசிட் வட்டியும் சேர்த்து மாசம் 58,000 வரும். வீட்டுச் செலவு 42,000. கடன் இல்லை. பொண்ணு படிப்பு முடிச்சுட்டா. எனக்கு அப்போது 49 வயசு.

இப்படிக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தது ஒரு புத்தகம். விக்கி ராபினும் ஜோ டொமிங்குவெஸும் எழுதி 1992-இல் வந்த 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்'. இன்றைக்கு 'ஃபயர்' என்ற பெயரில் யூடியூபில் ஓடுகிறதே, சீக்கிரம் சேர்த்து சீக்கிரம் ஓய்வு, அந்தப் பேச்சுக்கு மூலநூல்களில் ஒன்று. இப்போது மூணாவது தடவையாகப் படித்து முடித்திருக்கிறேன். முதல் இரண்டு தடவை படித்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். இப்போது அந்தப் பக்கம். அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

புத்தகம் நன்றாகச் சொல்வது

டொமிங்குவெஸ் வால் ஸ்ட்ரீட்டில் வேலை பார்த்தவர். 1969-இல், 31 வயசில், இனி சம்பளத்துக்கு வேலை செய்வதில்லை என்று வெளியே வந்தார். 1997-இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். அவருடைய அடிப்படை யோசனை எளிமையானது: பணம் என்பது நம் ஆயுளில் இருந்து வெட்டிக் கொடுத்த நேரம். ஒரு பொருளை வாங்கும்போது எத்தனை ரூபாய் என்று கேட்காதே, எத்தனை மணி நேரம் என்று கேள்.

அதற்கு முதலில் நம்முடைய உண்மையான மணிக்கூலி தெரியவேண்டும். நான் மணிக்கு 250 ரூபாய் சம்பாதிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பில் பணம் வசூல் பண்ண அலைந்த நேரம், பெட்ரோல், முதுகுவலி வைத்தியம், ஞாயிற்றுக்கிழமை கூட பட்டறையில் போய் நின்றது, எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்தால் 110-க்கு வந்து நின்றது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. இந்த ஒரு கணக்குக்காகவே புத்தகத்தை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

அடுத்தது 'போதும்' என்ற புள்ளி. செலவு கூடக்கூட திருப்தியும் கூடும், ஒரு உச்சத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கும். அந்த உச்சம்தான் போதும். பிறகு சுவரில் ஒரு வரைபடம்: செலவு ஒரு கோடு, முதலீட்டு வருமானம் ஒரு கோடு. இரண்டாவது கோடு முதல் கோட்டைத் தாண்டும் இடத்தில் நீ விடுதலை.

முதலீட்டைப் பற்றி முதல் பதிப்பு சொன்னது அமெரிக்க அரசின் கடன்பத்திரங்களை. அது நமக்கு ஒத்து வராது, நம்ம ஊர் விலைவாசி ஏறும் வேகம் வேறு. ஆனால் அதையெல்லாம் அவரவர் சரிசெய்துகொள்ளலாம். என் சண்டை அங்கே இல்லை.

கோடு தாண்டின பிறகு

முதல் மூணு மாசம் தேன். காலையில் நிதானமாக பேப்பர் படித்தேன், மருதமலை ஏறினேன், வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட பல்லைப் பிடுங்கினேன். நாலாவது மாசம் கோபியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டார்.

"இப்ப என்னங்க பண்றீங்க?"

"சும்மாதானுங்க இருக்கேன்."

"சும்மாவா? ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சுமுங்களா?"

கொங்கு நாட்டில் 'சும்மா' என்றால் ஒன்று நோய், இல்லாவிட்டால் நஷ்டம். மூணாவது அர்த்தம் கிடையாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தொழில் இங்கே வருமானம் மட்டுமில்லை. கடைக்காரர் கடன் கொடுப்பது, சம்பந்தம் பேச வருவது, ஊர்க் காரியத்தில் நம்மை ஒரு வார்த்தை கேட்பது எல்லாம் அதில்தான் தொங்குகிறது. அந்தக் கயிற்றை நானே அறுத்துவிட்டிருந்தேன்.

வீட்டிலும் ஒரு தீர்ப்பு வந்தது. "உங்களுக்கு ரிட்டயர்மெண்ட்டுங்க. எனக்கு மத்தியானம் ஒரு ஆளுக்குச் சமையல் ஜாஸ்தி" என்றாள் மனைவி. புத்தகத்தின் மணிக்கூலிக் கணக்கை அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். வகுப்பதற்கு மேலே எண்ணே இல்லை. அவள் எந்தக் கோட்டைத் தாண்டினால் அவளுக்கு விடுதலை? இதற்குப் புத்தகத்தில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

நியாயமாகச் சொல்லவேண்டும். சும்மா உட்காரு என்று ராபினும் டொமிங்குவெஸும் சொல்லவில்லை. வேலை வேறு, கூலி வேறு, கூலி இல்லாமலும் வேலை செய்யலாம் என்று ஒரு அத்தியாயமே வாதாடுகிறார்கள். அவர்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஆனால் எந்த வேலை என்பதைக் கண்டுபிடிக்க அவர்கள் கொடுக்கும் கருவி மூன்று கேள்விகள். செலவழித்த நேரத்துக்கு ஏற்ற நிறைவு எனக்குக் கிடைத்ததா? இது என் மதிப்பீடுகளோடும் நோக்கத்தோடும் பொருந்துகிறதா? பிழைப்புக்காக உழைக்க வேண்டியிராவிட்டால் என் செலவு எப்படி மாறும்?

மூன்றிலும் 'என்' இருக்கிறது. மூன்றிலும் வேறு யாருமே இல்லை.

செலவைக் குறைக்க இது அருமையான கருவி. நோக்கத்தைத் தேட எனக்கு உதவவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதினேன். கடைசியில் மிஞ்சியது 'நாலு பேருக்கு உதவணும்' என்ற ஒரு வரி. அதை நம்பி ஒரு சேவை அமைப்புக்குப் போனேன். கையில் ஒரு பேனரைக் கொடுத்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் போகவில்லை. நான் வராததை யாரும் கவனிக்கவும் இல்லை.

சிங்காநல்லூர்

இந்த இடத்தில் எனக்குப் பதில் மாதிரி ஒன்று கிடைத்தது புத்தகத்தில் அல்ல, திருச்சி ரோட்டில். சாந்தி கியர்ஸ் சுப்பிரமணியத்தைக் கோவைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: பல்சக்கரம் தயாரிக்கும் கம்பெனியை வளர்த்தவர். 2012-இல் அது முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கைக்குப் போனது. அதன்பிறகு 2020 டிசம்பரில் இறக்கும்வரை அவர் முழுக்கப் பார்த்துக்கொண்டது சாந்தி சோஷியல் சர்வீசஸ். குறைந்த விலை உணவகம், மருந்துக்கடை, பரிசோதனைக் கூடம், பெட்ரோல் பங்க். தன் படம் எங்கும் வருவதை விரும்பாதவர்.

கம்பெனியை விற்றுவிட்டு நோக்கம் தேடிப் போனார் என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். வருஷத்தைப் பாருங்கள். சேவை அமைப்பு தொடங்கியது 1996. விற்றது 2012. நடுவே பதினாறு வருஷம். கோட்டைத் தாண்டின பிறகு எங்கே போவது என்று அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை, போகிற இடத்தை முன்னாடியே கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று அங்கே சாப்பிடப் போனபோது தெரிந்தது. பட்டறைக்காரன் கண்ணால் பார்த்தேன். வரிசை நகரும் வேகம், துடைத்த மேஜை, தட்டு போய்த் திரும்பி வரும் வழி. ஒரு நல்ல ஷாப் ஃப்ளோர் இப்படித்தான் இருக்கும். சாப்பாட்டுக்குக் காசு வாங்குகிறார்கள், ரொம்பக் குறைந்த காசு. காசு கொடுத்தவன் தலைநிமிர்ந்து சாப்பிடுகிறான். திருக்குறளில் ஈகைக்கு முந்தின அதிகாரம் ஒப்புரவறிதல். ஈகை கொடுத்துவிட்டு நகர்வது, ஒப்புரவு ஊரோடு ஊராக இருந்துகொண்டே பயன்படுவது என்று நான் புரிந்துகொள்கிறேன். அவர் தொழிலை விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. லாபத்தை மட்டும்தான் விட்டார்.

இது ஒருவரோடு நிற்கிற விஷயமும் இல்லை. பி.எஸ்.ஜி. குடும்பத்தின் நாலு சகோதரர்கள் 1926-இல் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள் என்பது ஊரறிந்த கதை. அந்தத் தர்மம் சத்திரமாக மட்டும் நிற்கவில்லை. மோட்டாரும் பம்பும் லேத்தும் செய்கிற தொழிற்கூடமாகவும் ஆனது, பையன்கள் அங்கேயே தொழில் படித்தார்கள்.

எல்லோருக்கும் நிம்மதி வந்ததா என்றால் இல்லை. ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி பாதையில் தொடங்கி, பெரும் பஸ் கம்பெனி கண்டவர். பணத்தேவை தீர்ந்த பிறகும் ரேசர் செய்தார், மோட்டார் செய்தார், தொழிற்கல்வி தொடங்கினார். அரசோடும் வரியோடும் கடைசிவரை மல்லுக்கட்டினார், தான் செய்த கருவிகளைத் தானே மேடையில் உடைத்தார். அவருக்கு நோக்கம் குறைவில்லாமல் இருந்தது. அமைதி இருந்ததா என்று சொல்ல முடியாது. நோக்கமும் மகிழ்ச்சியும் ஒரே பொட்டலத்தில் வரும் என்று புத்தகம் கொஞ்சம் சுலபமாக நம்புகிறது.

இதெல்லாம் பெரிய முதலாளிகள் கதை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவரிடம் 'போதும்' என்ற புள்ளியைப் பற்றிப் பேசுவது குரூரம். எனக்கே அந்த ஷெட் இடம் அப்பா விட்டுப்போனது. வாடகைக்கு ஷெட் பிடித்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத நேரம் இருந்திருக்காது.

நாலாவது கேள்வி

அந்த கேண்டீனில் சாப்பிட்டு வந்த பிறகு கேள்வியை மாற்றிக் கேட்டேன். எனக்கு எது நிறைவு என்பதை விட்டுவிட்டேன். என் கைக்கு என்ன தெரியும், அது யாருக்கு வேணும்? தெரிந்தது ஒன்றுதான்: டிராயிங்கைப் பார்த்து, இரும்பைக் கடைந்து, நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கொடுப்பது. நண்பர் பட்டறையில் ஐ.டி.ஐ. முடித்த மூணு பசங்க இருக்கிறார்கள். சர்டிபிகேட் இருக்கு, வெர்னியர் பிடிக்கத் தெரியலை. செவ்வாய், வியாழன் காலை போய்ச் சொல்லித் தருகிறேன். முதல் மாசம் நல்ல ஷாஃப்ட் பதினொண்ணை ஸ்கிராப் ஆக்கினார்கள். நண்பருக்குக் காசு நான் கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை காய்ச்சல், போகவில்லை. ஒன்பதே காலுக்குப் போன்.

"அண்ணா, வர்லீங்களா? போர் அளவு ரெண்டு பேருக்கும் வேற வேற வருதுங்ணா. யாரு சரின்னு தெரியலீங்."

படுத்தபடியே அரை மணி நேரம் பேசினேன். வைத்த பிறகு நோட்டை எடுத்து, மூன்று கேள்விகளுக்குக் கீழே நாலாவதை எழுதினேன்: நான் வரலைன்னா யார் போன் பண்ணுவாங்க?

புத்தகத்தின் முதல் பாதியைக் கட்டாயம் படியுங்கள், மணிக்கூலிக் கணக்கைப் போட்டே ஆகவேண்டும். ஆனால் கோட்டைத் தாண்டும்வரை காத்திருந்து நோக்கம் தேடாதீர்கள். நாலாவது கேள்விக்கு இப்போதே ஒரு பெயராவது சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் வரைபடத்தில் கோடு எங்கே இருக்கிறது என்பதைவிட அதுதான் அவசரம்.