பல்லோடு பல் சேரும் தரை

உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்குபவரைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். அவர் காலடியில் கிடக்கும் ரப்பர் தரையைப் பார்ப்பதில்லை. 20 கிலோ தட்டு கை நழுவினாலும் ‘தொம்’மென்று அடங்கிய ஓசை, அவ்வளவுதான். குனிந்து பார்த்தால், பழைய டயரை அரைத்த கருந்துணுக்குகள் நெருங்கி இறுகியிருக்கும். நடுநடுவே நீலப் பொட்டுகள். தடவினால் சொரசொரப்பு, அழுத்தினால் லேசாக இசைந்து கொடுக்கும்.

ஓரங்களில் பல் வெட்டிய துண்டுகளாக வரும் இந்தத் தரையை விரிப்பவரின் கைப்பக்குவம் இன்னும் அழகு. அறையின் நடுவில் தொடங்கி, ஒரு துண்டின் பல்லை அடுத்ததன் பள்ளத்தில் பொருத்தி, ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. பெரும்பாலும் பசைகூட வேண்டாம். சுவரோரம்தான் பொறுமை தெரியும். ஒரே இழுப்பில் அறுக்கமாட்டார். இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, அதே கோட்டில் கத்தியை மூன்று நான்கு முறை ஓட்டுவார். சூட்டில் ரப்பர் விரியுமே என்று சுவரையொட்டிக் கொஞ்சம் இடமும் விடுவார். இந்தத் தரையின் பயன்களில், பட்டறையிலும் ஓட்டல் சமையற்கட்டிலும் நாள் முழுக்க நிற்பவர்களின் குதிகாலுக்கு இது தரும் இதத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். ஒரு துண்டு தேய்ந்தால் அதை மட்டும் பெயர்த்து, புதியதைப் பொருத்தலாம். மற்றவை அசையாமல் அப்படியே கிடக்கும்.