அக்பர் நவாஸ் கட்டிய அணி

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. பெயரில் சென்னை இருந்தாலும் கோவையில் ஆடிய சென்னை சிட்டி அணிக்கு அது ஐ-லீக் கால்பந்து சீசனின் கடைசி ஆட்டம். கையில் 40 புள்ளிகள். 39 புள்ளிகளோடு துரத்திக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அதே மாலையில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு மோதிக்கொண்டிருந்தது. அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து, இங்கே டிரா ஆனால்கூடக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும்.

இடைவேளைக்குப் பிறகு 56-வது நிமிடத்தில் பெட்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். 69-வது நிமிடத்தில் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா ஒரு கோல், கூடுதல் நேரத்தில் அவரே இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலும் மீண்டு வந்து 2-1 என்று ஜெயித்தது. ஆகவே கோவை ஆட்டம் டிராவில் முடிந்திருந்தாலும் கதை முடிந்திருக்கும். 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள், அடுத்த அணிக்கு 42. ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை.

இந்தக் கோப்பையை நான் பயிற்சியாளர் கணக்கில்தான் எழுதுவேன். 2016-17-ல் ஐ-லீக்குக்குள் வந்த சென்னை சிட்டி முதல் இரண்டு சீசன்களையும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் முடித்தது. அணியின் நட்சத்திரமாக வளர்ந்த மைக்கேல் சூசைராஜும் 2018-ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் பொறுப்பேற்றவர் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ். 2016-ல் ஆசியக் கிளப் போட்டியான ஏஎஃப்சி கப்பின் காலிறுதியில் டாம்பைன்ஸ் ரோவர்ஸின் பயிற்சியாளராக இருந்தவர். அங்கே அவர் அணியை வீழ்த்தியது பெங்களூரு எஃப்சி. இந்தியக் கால்பந்தின் தரம் அவருக்குப் புதிதல்ல.

அவர் முதலில் தீர்மானித்தது ஆட்ட முறையை. ஆட்களைத் தேடியது அதற்குப் பிறகு. உயரமும் பலமும் கொண்ட வெளிநாட்டு முன்கள வீரரைப் பிடித்து, பின்னாலிருந்து பந்தைத் தூக்கி அவர் தலைக்கு அனுப்புவது நம் கிளப்புகள் பலவற்றின் பழைய வழி. அக்பர் ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கொண்டுவந்தார். தடுப்பில் ராபர்டோ எஸ்லாவா, நடுக்களத்தில் சாண்ட்ரோ ரோட்ரிகஸ், அவருக்கு முன்னால் நெஸ்டர் கோர்டிலோ, கோல் முகத்தில் உருகுவேயில் பிறந்த மான்ஸி. நால்வரும் ஒரே மாதிரிக் கால்பந்தைப் படித்தவர்கள். எஸ்லாவா பந்தை எடுத்தால் சாண்ட்ரோ எங்கே நிற்பார் என்பது பயிற்சியில் சொல்லித்தர வேண்டிய விஷயமாக இல்லை.

இந்த முதுகெலும்பைச் சுற்றி நம் பையன்களை நிறுத்தினார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார், மைக்கேல் ரெஜின், விங்கில் ரொமாரியோ ஜேசுராஜ். பந்தை இழந்துவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் குறுகிய பாஸ் ஆடப் பழகினார்கள். மான்ஸி அந்த சீசனில் 21 கோல் அடித்து, சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஈஸ்ட் பெங்காலைக் கொல்கத்தாவில் வென்றார்கள், கோவையிலும் வென்றார்கள். ஒரே ஒரு புள்ளியில் முடிந்த சீசனில் அந்த இரண்டு ஆட்டங்களின் எடை எவ்வளவு என்று பாருங்கள்.

குறையும் இருந்தது. முன்னேறி ஆடும் அணியின் முதுகுக்குப் பின்னால் இடம் கிடக்கும். எதிரணிகள் அதைக் கண்டுகொண்டன. கோவாவில் சர்ச்சிலிடம் 3-2 என்று தோற்றதால்தான் கோப்பை கடைசி நாள் வரை இழுத்தது. ஆனாலும் அக்பர் தன் முறையை மாற்றவில்லை. அது சரி என்பதற்குச் சான்று அடுத்த மாதமே வந்தது. சூப்பர் கோப்பைக் காலிறுதியில், அப்போதைய இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சாம்பியனான பெங்களூரு எஃப்சியை 2-1 என்று வெளியேற்றினார்கள். அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் 3-0 என்று தோற்றாலும், அந்தக் காலிறுதியை நான் ஐ-லீக் கோப்பைக்கு இணையாகவே வைக்கிறேன்.

பிறகு சரிந்த வேகம் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. நெஸ்டர் ஹைதராபாத் எஃப்சிக்குப் போனார். எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனார். 2020 ஜனவரியில் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 1-0 என்று தோல்வி. அதே மாதம் மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குக் கிளம்பினார். கொரோனாவால் சீசன் பாதியில் நின்றது, அக்பரும் விடைபெற்றார். 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் பங்கு வாங்கிய கிளப் அது. கோப்பை தூக்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

பயிற்சியாளர் போனார், அணி போயிற்று என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். ஒரு சாம்பியன் அணியை எந்தப் பணக்காரக் கிளப்பும் கலைக்கப் பார்க்கும். அது உலக வழக்கம். கலைந்த இடத்தை நிரப்ப அடியில் ஒரு வரிசை வேண்டும். அக்பர் திரும்பிப் பார்த்தபோது அந்த வரிசை இல்லை. ரெஜினும் அவர் தம்பி சூசைராஜும் வந்த குமரிக் கடற்கரையில் தூத்தூரிலிருந்து இரவிபுத்தன்துறை வரை சிறுவர்கள் மணலில் ஆடியே வளர்கிறார்கள். கொங்கு மண்டலத்தில் அப்படியொரு தொடர்ச்சி எங்கே?

மடத்துக்குளத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் பக்கம் கபடி இருக்கிறது, வாலிபால் இருக்கிறது. அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. ஆனால் கால்பந்தில் ஆர்வமுள்ள ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் முறையான பயிற்சிக்கு உடுமலை, பொள்ளாச்சி தாண்டிக் கோவை வரை பஸ் ஏற வேண்டும். படிப்பையும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் போவான்?

பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாத பகுதி இது. ஜவுளித் தொழிலுக்கும் கால்பந்துக்கும் உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தியாவின் முதல் தேசியக் கால்பந்து லீக்கை, 1996-97-ல், வென்ற அணி பஞ்சாப் பக்வாராவின் ஜேசிடி. ஒரு ஜவுளி மில் நடத்திய அணி. ஐ.எம்.விஜயனும் பாய்சுங் பூட்டியாவும் அந்த மில்லின் ஜெர்சியைத்தான் போட்டு ஆடினார்கள். பயிற்சியாளர் சுக்விந்தர் சிங்குக்குப் பின்னால் மில் நிர்வாகம் நின்றது. 2011-ல் நிர்வாகம் கையை விட்டதும் அணி கலைந்தது. பயிற்சியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றாக வேண்டும் என்பதை ஜேசிடியும் சென்னை சிட்டியும் ஒன்றுபோலவே காட்டுகின்றன.

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்களுக்கும், உடுமலை, மடத்துக்குளம் வட்டார நூற்பாலை உரிமையாளர்களுக்கும் என் கோரிக்கை இதுதான். ஐ-லீக் அணி வாங்க வேண்டாம், ஸ்பெயினிலிருந்து ஆள் கூட்டிவரவும் வேண்டாம். வட்டத்துக்கு ஒரு மைதானம், லைசென்ஸ் பெற்ற ஒரு பயிற்சியாளர், 13 வயதுக்கு உட்பட்டோருக்கு ஓர் அணி. பத்து வருடம் நிறுத்தாமல் சம்பளம் கொடுங்கள். அடுத்த அக்பர் நவாஸ் கோவைக்கு வரும்போது பையன்கள் தயாராக இருக்கட்டும்.