‘நெஞ்சு கரிக்குது’ என்பதை எந்தப் பொத்தானில் அழுத்துவது?

செக் நாட்டின் ஆக்ஸிமோரான் கேம்ஸ் 2018இல் வெளியிட்ட ‘புராஜெக்ட் ஹாஸ்பிட்டல்’ விளையாட்டை மூன்றாவது முறையாக முதலிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறேன். அதே ஆண்டு வந்த ‘டூ பாயிண்ட் ஹாஸ்பிட்டல்’ல தலை பல்பாக மாறிய நோயாளி வருவார், சிரித்துக்கொண்டே ஆடலாம். இதில் வருகிறவர்களுக்கு நமக்கு வரும் நோய்களே வருகின்றன. சிரிப்பு வராது.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு யோசனைகள். பெரிசா கட்டாதீங்க. பதிவு மேசை, காத்திருக்கும் இடம், கழிவறை, ஒன்றிரண்டு மருத்துவர் அறை போதும். அவசரப் பிரிவு நிலைத்த பிறகு மற்றத் துறைகளுக்குப் போகலாம். இரண்டாவது, ஒரு நோயாளியையாவது நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள். சாத்தியமான நோய்களின் பட்டியல் திரையில் வரும். எல்லாப் பரிசோதனையையும் எழுதித் தள்ளினால் வரிசை நீளும். எந்தச் சோதனை பட்டியலைப் பாதியாக வெட்டுமோ அதை முதலில் செய்யவேண்டும். வெளியே தெரியாத நோய்க்குறி ஒன்று உள்ளே இருக்கும். அதைத் தேடாமல் விட்டால் நோயாளி கண்ணெதிரே சரிந்து விழுவார்.

இதுதான் இந்த ஆட்டத்தின் பலம். முதலில் வந்தவரை முதலில் பார்ப்பது நியாயம் இல்லை என்று அது கற்றுத்தருகிறது. நம் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆட்களைப் பிரிக்கும்போது, ‘நாங்க ரெண்டு மணி நேரமா உட்கார்ந்திருக்கோம், இப்ப வந்தவர உள்ள விடுறீங்க’ என்று சண்டை போடுகிறவர்கள் ஒரு மாலை இதை ஆடிப்பார்க்கலாம்.

ஆனால் ஓர் இடத்தில் எனக்கும் ஆட்டத்துக்கும் ஒத்துவரவில்லை. நோயாளியிடம் விசாரிக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் போதும், கொஞ்ச நேரத்தில் நோய்க்குறிகள் மருத்துவப் பெயர்களோடு வரிசையாக வந்து நிற்கும். நோயாளி சொன்னதும் மருத்துவர் எழுதிக்கொண்டதும் அங்கே ஒன்றுதான்.

எனக்குப் பதிமூன்று வயதில் பாட்டியை கம்போங் ராஜா பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனோம். முப்பது வருசம் தேயிலை கிள்ளியவர். மலாய் புரியும், பேச வராது. ‘நெஞ்சு கரிக்குது, தோள்ல கூடைய வச்ச மாதிரி பாரமா இருக்கு’ என்றார். மொழிபெயர்க்கிற பொறுப்பு எனக்கு. ‘பெடிஹ் ஊலு ஹத்தி’ என்றேன். வயிற்று எரிச்சலுக்குச் சொல்கிற வார்த்தை. கூடையை விட்டுவிட்டேன். தோட்டத்தில் வேலை செய்தவருக்குத் தோள் வலிப்பது ஒரு செய்தியா என்று நினைத்திருப்பேன். வயிற்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று இரவே குவாலா தெர்லா, திரிங்காப், பிரிஞ்சாங் எல்லாம் தாண்டி தானா ராத்தா மருத்துவமனைக்கு ஓடினோம். பள்ளி விடுமுறை, பிரிஞ்சாங்கில் சுற்றுலாக் கார்கள் நகரவே இல்லை. ஈசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள். பாட்டி பிழைத்தார். அதற்குப் பிறகு நான்கு வருசம் இருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த ஆட்டத்தில் அந்தச் சாலையும் இல்லை, அந்தப் பதிமூன்று வயசுப் பையனும் இல்லை. சாலை இல்லாததை மன்னிக்கலாம், எல்லா ஆட்டமும் எங்கேயாவது ஒரு வேலி போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் ‘மறைந்த நோய்க்குறி’ என்று ஒன்றை வைத்தவர்கள், அது உடம்புக்குள் மட்டும் மறைந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். பாட்டியின் நோய்க்குறி மறைந்திருக்கவே இல்லை. அவர் சொல்லிவிட்டார்.

இலக்கியம் படிக்கிற நமக்கு இது புதுசில்லை. ‘வாயு பிடிச்சிருக்கு’, ‘நெஞ்ச அடைக்குது’, ‘படபடன்னு வருது’ எல்லாமே ஒரே நோயாகவும் இருக்கலாம், வேறு வேறாகவும் இருக்கலாம். எது என்று தெரிய இன்னொரு கேள்வி கேட்கவேண்டும். அந்த இன்னொரு கேள்விக்கு ஆட்டத்தில் பொத்தான் இல்லை.

இப்போது ஆடும்போது ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நோய்க்குறி திரையில் வரும்போதும், எங்கள் லயத்தில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுகிறேன். நெஞ்சுவலிக்கு மட்டும் பதினொன்று சேர்ந்திருக்கிறது. முதலில் எழுதியது, கூடை.